மஞ்சள் குடையின் முதல் லைக்

அந்தப் பெண்ணுக்கு வயது பதினாறு. காலையில் சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு, "வரேம்மா" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். பள்ளிக்கூடம் போய்ச் சேரவில்லை. வகுப்பு ஆசிரியை வீட்டுக்குத் தகவல் சொன்னபோதே அவளுடைய கைப்பேசி அணைந்து கிடந்தது. போலீஸில் புகாரை வாங்கிக்கொண்டு, "சிநேகிதி வீட்டுல பாருங்க, சாயங்காலம் வந்துடும்" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

அந்த வீட்டு ஹாலில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அம்மா இன்னும் கடையின் வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை. ஏதோ ஒரு கம்பெனியில் மெக்கானிக்கான அப்பா, நீலச் சட்டையில் கிரீஸ் கறையோடு, பேயறைந்தவர் மாதிரி ஒரு மூலையில் இருந்தார். எதிரே மேடம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்தவர். பக்கத்தில் அவருடைய உதவியாளன் குச்சி. ஆளைப் பார்த்தால் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது.

குச்சியின் மடியில் லேப்டாப். திரையில் அந்தப் பெண்ணின் பக்கம். கூடப் படிக்கும் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசியதில் ஒரே ஒரு துப்புதான் கிடைத்திருந்தது. நேற்று இவள் அவளிடம், "நாளைக்கு மஞ்சள் குடையை நேர்ல பாத்தே தீருவேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

"அதுதான், அந்த மஞ்சள் குடைதான்" என்றாள் அம்மா. "அவளோ அவனோ, எவனோ ஒரு கெழவனோ. என் பொண்ணு எந்தப் படம் போட்டாலும் முதல் லைக் அதுதான். அழகு, அருமைன்னு தேனா பேசும். இப்படித்தான் பிள்ளைங்களை மயக்கிக் கூட்டிட்டுப் போறாங்களாம்."

"அந்தக் கணக்குல படம்னு பாத்தா ஒரு குடைதான் இருக்கு மேடம்" என்றான் குச்சி. "தனக்கும் பதினாறு வயசுன்னு போட்டிருக்கு. பின்தொடர்றவங்க யாரும் இல்ல. இது பின்தொடர்றது இந்தப் பொண்ணை மட்டும்தான். இவ்வளவு விசுவாசத்தை நான் என் அத்தை வீட்டு நாய்கிட்டகூடப் பாத்ததில்ல."

மேடம் சிரிக்கவில்லை. "கடைசியா என்ன எழுதியிருக்கு?"

"'இனிமே நான் வர மாட்டேன். நீ நல்லா இரு.' பத்து நாளாச்சு. அதோட சரி, ஆள் காணோம்."

"வெலகற மாதிரி நடிச்சு இழுக்கறான்" என்றாள் அம்மா.

குச்சிக்கும் அப்படித்தான் பட்டது. ஏனென்றால் அதற்குப் பிறகு அந்தப் பெண் போட்ட படங்கள் வேறு மாதிரி இருந்தன. அதுவரை எல்லாமே லிஃப்ட் கண்ணாடியில் எடுத்த சாதுவான படங்கள். லிஃப்டுக்குள் வெளிச்சமும் கண்ணாடியும் இலவசமாகக் கிடைப்பதால் இந்த வயசுப் பிள்ளைகளுக்கு அதுதான் ஸ்டூடியோ. குடை போன பிறகு போட்டதோ, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தபடி ஒன்று, ஓடும் பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு இன்னொன்று. ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வி: 'இருக்கியா?'

"லைக் விழுந்த நேரத்தைக் காட்டு" என்றார் மேடம். அம்மாவிடம் இருந்த மகளின் பழைய போனில் வந்து சேர்ந்த அறிவிப்புகள் வரிசையாக இருந்தன. அவற்றை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "பதினாறு வயசு, பள்ளிக்கூடம் போற பொண்ணு. ஆனா லைக் எல்லாம் வகுப்பு நடக்கற நேரத்துல விழுது."

"கடைசி பெஞ்சா இருக்கும் மேடம். நானே மேஜைக்கு அடியில ஒரு உலகம் நடத்தியிருக்கேன்."

"அது சரி. கொத்துக் கொத்தா விழுதே, அது ஏன்? ரெண்டு மணி நேரம் ஒண்ணும் கிடையாது. அப்புறம் ஒரே நிமிஷத்துல நாலு படத்துக்கு லைக். திரும்பவும் காணோம். திரும்பவும் கொத்து."

"சிக்னல் இல்லாத எடத்துல இருக்கற ஆள்" என்றான் குச்சி. "வெளிய வரும்போது ஒரே வாயில சாப்பிடறான். சுரங்கமா? நீர்மூழ்கிக் கப்பலா?"

"இன்னும் கிட்ட வா." மேடம் ஒரு படத்தைப் பெரிதாக்கினார். லிஃப்டுக்குள், கதவின் ஓரத்தில் சாய்ந்தபடி அந்தப் பெண். புதிதாக வெட்டிய முடி, கண்ணில் மை, பார்த்தவர் பார்வை முகத்தை விட்டு நகராது. கீழே மஞ்சள் குடை எழுதியிருந்தது: 'முடி உனக்கு எடுப்பா இருக்கு. கதவோரம் சாயாதே. ரப்பர் தேஞ்சிருக்கு.'

குச்சி இரண்டு தடவை படித்தான். அதற்குப் பிறகுதான் படத்தில் கதவின் விளிம்பு ரப்பரைத் தேடிக் கண்டுபிடித்தான். தேய்ந்துதான் இருந்தது.

"அழகான பொண்ணு படத்துல கதவு ரப்பரைப் பாக்கறவன் உலகத்துல யாரு?" என்றார் மேடம். கேள்வி குச்சிக்கு இல்லை. அவர் நாற்காலியை மெதுவாக மூலைப் பக்கம் திருப்பினார். "சார், நீங்க மெக்கானிக்னு சொன்னீங்க. என்ன மெக்கானிக்?"

அந்த மனிதர் தரையைப் பார்த்தார். "லிஃப்ட்" என்றார்.

அம்மா கணவனைப் பார்த்த பார்வையில், குச்சி அனிச்சையாகத் தன் லேப்டாப்பைக் கேடயம் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நான்தான்" என்றார் அப்பா. "ஒரு படம் போட்டுட்டு, சாப்பிடாமகூட போனையே பாத்துட்டு உக்காந்திருந்தா. யாருமே கண்டுக்கல. அப்புறம் அதை அழிச்சுட்டு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதா. நமக்குக் கேக்கக் கூடாதாம். எனக்குத் தாங்கல. ஒருத்தராவது பாத்தாங்கன்னு தெரிஞ்சா போதும்னு பண்ணினேன்."

"இத்தனை நாள் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்றாள் அம்மா. "நீங்களும் அவளும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு…"

குச்சிக்கு அப்பாடா என்றிருந்தது. கிழவனும் இல்லை, கடத்தலும் இல்லை. சொல்ல வாயெடுத்தான். மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனான்.

"குடை நீங்கன்னா" என்றார் மேடம், "இன்னைக்கு அவ யாரைப் பாக்கப் போயிருக்கா? எங்க போயிருக்கா?"

அப்பா நிமிர்ந்தார். அவர் முகம் வெளுத்ததைக் குச்சி கண்ணால் பார்த்தான்.

"இந்த ரப்பர் விஷயத்தை நான் பாத்தேன். அவ பாத்திருக்க மாட்டாளா?" மேடம் எழுந்துவிட்டார். "குடை ஒரு லிஃப்ட் ஆளுன்னு அவளுக்குத் தெரியும். ஒரு லிஃப்ட் ஆளை ஒரு எடத்துக்கு வரவைக்கணும்னா என்ன பண்ணணும்? சார், லிஃப்ட் நின்னுபோச்சுன்னா கூப்பிடற போன் யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான் இருக்கும். காலைல இவ போகலன்னு தெரிஞ்சதும் கூட வேலை பாக்கறவன்கிட்ட குடுத்துட்டு வந்தேன்."

"கூப்பிடுங்க அவரை."

அப்பாவின் விரல் எண்களைத் தவறவிட்டுத் தவறவிட்டு அழுத்தியது. ஸ்பீக்கரில் சகா வந்தான். "பொண்ணு கெடச்சுதாண்ணே?"

"இன்னைக்கு எந்த பில்டிங்லேர்ந்து கால் வந்துச்சு?"

"மூணு வந்துச்சு, முடிச்சாச்சு. நாலாவது அந்தப் பழைய ஜவுளி வளாகம். இடிக்கப் போறாங்களே, அதான். எல்லாரும் காலி பண்ணிட்டாங்க, கரண்டு மட்டும் இன்னும் வெட்டல, அதனால பசங்க வெளையாட்டுன்னு விட்டுட்டேன். ஒரு பொண்ணு பேசிச்சு. நான் வர்றேம்மான்னா, நீங்க வேணாம், வழக்கமா வர்றவர்தான் வரணும், எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கேன்னு சொல்லி வெச்சிருச்சு. ஏண்ணே?"

அப்பா அதற்குள் செருப்புகூடப் போடாமல் படியிறங்கிக்கொண்டிருந்தார். மேடம் அம்மாவிடம், "நீங்க வீட்டுலயே இருங்க, ஒருவேளை அவ இங்க வந்தா ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினார்.

மேடம் காரை ஓட்டினார். பக்கத்தில் அப்பா. பின்சீட்டில் குச்சி, கண் முழுக்க லேப்டாப் திரையில். பாதி வழியில் அந்தப் பெண்ணின் பக்கத்தின் மேலே ஒரு சிவப்பு வட்டம் முளைத்தது.

"லைவ் வந்திருக்கா மேடம்."

மங்கலான மஞ்சள் வெளிச்சம். தகரச் சுவர். வியர்வையில் மை கரைந்த ஒரு சின்ன முகம். "நான் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள். "குடை, நீ பாத்துட்டிருந்தா வா. வழி உனக்குத் தெரியும்." பிறகு போனைத் திருப்பினாள். லிஃப்டின் கதவு திறந்திருந்தது. அதற்கு வெளியே பாதிக்குச் சுவர், பாதிக்குக் கீழ் மாடியின் வாசல். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றிருந்தது லிஃப்ட்.

"எப்படித் தொறந்தா?" என்றார் மேடம்.

"ஓடும்போது உள்கதவைப் பிரிச்சா நின்னுடும்" என்றார் அப்பா. "வெளிக்கதவு பூட்டை எங்க அழுத்தணும்னு நான்தான் ஒரு தடவை காமிச்சேன், ஆபத்துக்கு ஒதவும்னு." தலையில் அடித்துக்கொண்டார். "குதிக்கக் கூடாது மேடம். குதிக்கவே கூடாது."

குச்சி, "ஆளுயரம்கூட இல்லையே?" என்று கேட்டான்.

"உயரமா பிரச்சினை? சரிஞ்சு எறங்கும்போது ஒடம்பு பின்னால சாயும். லிஃப்டுக்கு அடியில அங்க தரை கிடையாது. வெறும் குழி. நேரா அடிமட்டம் வரைக்கும் போயிடும். தெரிஞ்சவங்க ரெண்டு பேரை அப்படித் தூக்கியிருக்கேன்."

திரையில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. இந்தப் பெண்ணின் படங்களைப் பத்துப் பேர் பார்த்தாலே அதிகம். இப்போது முந்நூறு. அவர்கள் எழுதுவது ஓடையாக ஓடியது. நடிப்பு. செட்டிங். இவ்வளவுதானா. பயந்தாங்கொள்ளி. குதி. குதி. குதிச்சா நான் ஃபாலோ பண்றேன்.

"பாவிங்களா" என்றான் குச்சி. அவனுக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அப்பா தன் போனை எடுத்து எழுத ஆரம்பித்தார். மேடம் ஒரு கையை நீட்டி அதைப் பிடுங்கிப் பின்னால் கொடுத்தார். "முந்நூறு பேர் முன்னாடி 'நான் உங்கப்பா'ன்னு எழுதினா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதல்ல ஆள் போய்ச் சேரணும்."

ஜவுளி வளாகத்தில் ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருந்தன. தரை முழுக்கக் கிழிந்த துணிச் சுற்றும் அட்டைக் குழாயும். மூவரும் படியேறினார்கள். மூன்றாவது மாடியில் லிஃப்ட் வாசலிலிருந்து வெளிச்சம் தெரிந்தது. அப்பா அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தார். மேடம் அவர் கையைப் பிடித்தார்.

"உங்களைத் தவிர வேற யாருக்கு அதை எறக்கத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. மேல மெஷின் ரூமுக்குப் போய் மெயினை அணைச்சுட்டு, கையால சக்கரத்தைச் சுத்தி எறக்கணும்." அவர் மேல்படிப் பக்கம் திரும்பினார். "ஆனா அவ கை காலு எதுவும் வெளிய இருக்கக் கூடாது. இருந்தா நான் சக்கரத்தைத் தொட மாட்டேன்."

"குச்சி, நீ வாசலுக்குப் போ. அவ உள்ள போனதும் குரல் குடு. நான் படியில நின்னு மேல சொல்றேன்."

குச்சி போனான். அவன் நெஞ்சு உயரத்தில் லிஃப்டின் தரை. அதன் விளிம்பில் அவள் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தாள். பள்ளிக்கூட ஷூவுக்குக் கீழே கறுப்பாக ஒரு பிளவு. அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஒரு கையில் போன்.

"தங்கச்சி, கொஞ்சம் உள்ள போய் உக்காரு. நீ உக்காந்திருக்கற எடத்தைப் பாத்தா எனக்கு மயக்கம் வருது. நான் விழுந்தா தூக்கறது ஈஸி, ஆனா அவமானம்."

அவள் சிரிக்கவில்லை. "நீங்க யாரு?"

"லிஃப்ட் ஆள்."

"இல்ல. சட்டையில பேர் இல்ல. கையில கிரீஸ் இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "எவ்வளவு நேரமா இருக்கேன் தெரியுமா? அவர் வரவே இல்ல. இவங்கல்லாம் வந்துட்டாங்க. எழுநூறு பேர். அவங்க பாக்கறாங்க. குதின்னு சொல்றாங்க. குதிச்சா நாளைக்கு ஸ்கூல்ல என் பேர் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்." உடம்பை ஒரு சாண் முன்னால் நகர்த்தினாள்.

அப்போதுதான் குச்சிக்குப் பையில் இருந்த அப்பாவின் போன் நினைவு வந்தது. கையை மறைத்துக்கொண்டு, மஞ்சள் குடையாக மூன்று வார்த்தை எழுதி அனுப்பினான்: 'உள்ள போய் உக்காரு.'

அவள் திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அடுத்த நொடி பார்வை அவன் கைக்கு வந்தது, அதிலிருந்த விரிசல் விழுந்த போனுக்கு வந்தது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம் என்று குச்சி நினைத்தான்.

"எங்கப்பா போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்றாள். "எங்கப்பா எங்க?"

குச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குடை யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். கதவு ரப்பரைப் பத்தி வேற யாரு எழுதுவாங்க?" அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "வீட்டுல எங்கிட்ட சாப்பிட்டியா, படிச்சியா, இதைத் தவிர வேற எதுவும் பேச மாட்டார். அதுலதான் பேசுவார். முடி நல்லா இருக்குன்னு அதுலதான் சொல்லுவார். யாரு லைக் போட்டா எனக்கென்ன, நான் அவருக்காகத்தான் போட்டுட்டிருந்தேன். திடீர்னு வர மாட்டேன்னுட்டார். என்ன போட்டாலும் பாக்கல. லிஃப்ட் நின்னா வருவார்னு நெனச்சேன். அதுக்கும் வரல."

"அவர் ஏன் வரல தெரியுமா?" என்றான் குச்சி. அவன் குரலே அவனுக்கு அந்நியமாக இருந்தது. "காலைலேர்ந்து ஒன்னைத் தேடிக்கிட்டிருந்தார். அதுக்காக லிஃப்டுக்குக் கூப்பிடற போனை அடுத்தவர்கிட்ட குடுத்துட்டார். இப்ப மேல மெஷின் ரூம்ல சக்கரத்தைப் பிடிச்சுட்டு நிக்கறார். உன் காலு உள்ள போனாத்தான் சுத்துவேன்கறார்."

அவள் மேலே பார்த்தாள். தகரக் கூரையைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. "செருப்பு போட்டிருக்காரா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். தவழ்ந்து போய்ப் பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். குச்சி படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். மேடம் அதை மேலே அனுப்பினார். விளக்கு அணைந்தது. இருட்டில் எங்கோ இரும்பு முனகியது. லிஃப்டின் தரை ஒரு விரற்கடை இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. அந்தக் கறுப்புப் பிளவு சிறுத்துச் சிறுத்து மறைந்தது. தரையும் தரையும் சமமானதும் அவள் ஒரே எட்டில் வெளியே வந்தாள். வந்தவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

படியில் தடதடவென்று இறங்கி வந்த அப்பா, அவளுக்கு எதிரே வந்து நின்றார். கை இரண்டும் கறுப்பு. பாதத்தில் எங்கோ வெட்டி ரத்தம்.

"சாப்பிட்டியா?" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். குச்சிக்குப் போனை அவர் கையில் கொடுத்துவிடலாமா என்று இருந்தது. மேடம் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏம்ப்பா நிறுத்தினே?" என்றாள் மகள். "நான் என்ன பண்ணினேன்?"

அப்பா தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "நீ ஒண்ணும் பண்ணல பாப்பா. நான்தான் கெட்டுப்போனேன். நீ குடைக்கு நன்றின்னு எழுதுவியே, ஒரு சின்ன இதயம் போடுவியே, அது வந்திருக்கான்னு பாக்கறதுக்காக வேலையைப் பாதியில விட்டுட்டு வெளிய ஓடி வர ஆரம்பிச்சேன். சிக்னல் கிடைக்கற எடமாப் பாத்து நிப்பேன். வரலன்னா அன்னைக்குப் பூரா ஒண்ணுமே ஓடாது. அப்படி ஒரு நாள் மேல ஏறும்போது சேஃப்டி பெல்ட்டை மாட்ட மறந்துட்டேன், கால் வழுக்கிடுச்சு. கையில கம்பி கிடைச்சதால பொழைச்சேன். அன்னைக்குத்தான் பயந்துபோய் வர மாட்டேன்னு எழுதினேன்."

"நான் போடற ஒரு இதயத்துக்காகவா?"

"நீ எனக்கு வேற எதுல குடுத்தே?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட சின்னப் பையன் மாதிரி சொன்னார். பக்கத்தில் கிடந்த அவளுடைய போனில் லைவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ, அப்புறம் என்னாச்சு என்று கேட்டார்கள், யாரோ, போர் என்றார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சீருடையின் முனையை இழுத்து அவருடைய கையிலிருந்த கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தாள். அது போகவில்லை, இரண்டு பேர் மேலும் அப்பிக்கொண்டது.

"வீட்டுக்குப் போனதும் அம்மா நம்ம ரெண்டு பேரையும் கொல்லப் போறா" என்றாள். பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல், "கால்ல ரத்தம் வருதுப்பா, எழுந்திருக்காதே" என்றாள். அந்த மனிதர், அதற்காகவே இத்தனை நாள் சிக்னல் தேடி அலைந்தவர், முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.